பஜேரோவின் பின்னிருக்கைகளைக் கழற்றி எடுத்துவிடலாமா?

ஏழு ஏக்கர்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசாவுக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஏழு ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, உண்டு. அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலம். இப்போது நானும் என் மைத்துனரும் பார்த்துக்கொள்கிறோம். அறுத்த குலைகளை ஏற்றிச் செல்ல வாடகை லாரி வந்துவிடுகிறது. உரமூட்டை, புல் வெட்டும் இயந்திரம், தண்ணீர்க் கலன், மருந்துத் தெளிப்பான் ஆகியவையெல்லாம் என்னிடமுள்ள பழைய மிட்சுபிஷி பஜேரோ ஜீப்பில்தான் போய் வருகின்றன.

1990களில் வந்த, நீண்ட உடலமைப்பு கொண்ட, டீசலில் ஓடும் ஏழு இருக்கை வண்டி அது. மூன்றாம் வரிசை இருக்கைகள் இரண்டும் மடிந்து இருபுறச் சன்னல்களையும் மறைத்தபடி நிற்கின்றன. நடுவரிசை இரண்டு துண்டுகளாக முன்னோக்கிப் புரளும். மடித்து வைத்தாலும் மூட்டை ஏற்றும்போது இடுப்பிலும் முழங்கையிலும் இடிக்கிறது. உறையெல்லாம் உரத்தூளும் சேறுமாக ஆகிவிட்டது. ஆகவே முன்னிருக்கைகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தட்டையாக ஒரு பலகை போட்டுவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். எங்களிடம் ஏறக்குறைய 400 மரங்கள் உள்ளன. ஒரு சுற்றுக்கு மரத்துக்கு ஒன்றரைக் கிலோ உரம் வைத்தாலும் 600 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 12 ஆகிறது. இருக்கைகள் இல்லையென்றால் பன்னிரண்டையும் ஒரே நடையில் கொண்டுபோய்விடலாம் என்பது என் கணக்கு.

இதை வீட்டு வாசலிலேயே நான் செய்துகொள்ள முடியுமா, பட்டறைக்குத்தான் போக வேண்டுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இருக்கை குறைந்தால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) ஏதேனும் கேட்குமா என்பதும் தெரிய வேண்டும். இன்னொன்று: 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியதிலிருந்து ஒவ்வொரு லிட்டரையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. எடை குறைந்தால் எண்ணெயும் மிச்சமாகுமா? மகளைத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விட வீட்டில் ஒரு மைவி கார் இருக்கிறது. அது பட்டறையில் நிற்கும் நாள்களில் மட்டும் பஜேரோ போகும். ஆகவே இருக்கைகளுக்குப் பெரிய தேவை இல்லை என்றே நினைக்கிறேன்.

பழைய பட்டறை:

தம்பி, கழற்றுவது அரை நாள் வேலைகூட இல்லை. நீங்களும் மைத்துனரும் சேர்ந்தால் வாசலிலேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த 12 மூட்டைக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. தோட்டத்துப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேண்ட் ரோவர், டிராக்டர் என்று பார்த்தவன் என்ற முறையில் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏழு இருக்கை வண்டி என்றால், ஏழு பேரையும் அவர்களோடு கொஞ்சம் மூட்டை முடிச்சையும் சுமக்கும்படி அதன் சுருள்வில்லும் அச்சும் சக்கரமும் பிரேக்கும் அமைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் ஏழு பேருக்கு 490 கிலோ. நீங்களும் மைத்துனரும் முன்னால் உட்கார்ந்தால் அதில் 140 போய்விடும். மிச்சம் 350 கிலோ, அதாவது ஏழு மூட்டை. கழற்றிய இருக்கைகளின் எடைக்கு ஈடாக இன்னும் ஒரு மூட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாதாடினாலும் எட்டுதான் வருகிறது. உங்கள் வண்டிக்கென்று உள்ள சரியான எண் வாகனத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும்; அதிலுள்ள மொத்த எடை வரம்பிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். தகட்டைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து மூட்டை ஏற்றுகிறவர்கள்தான் பட்டறைக்கு அதிகமாக வருவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரம் கனமான சரக்கு. ஆறேழு மூட்டைகளை அடுக்கினால் அரைக் கன மீட்டர் இடத்தைத் தாண்டாது. நடுவரிசையை முன்னோக்கிப் புரட்டிவிட்டாலே அவ்வளவு இடம் தாராளமாகக் கிடைக்கும். அதாவது, இடம் தீர்வதற்கு வெகு முன்பே உங்கள் வண்டியின் தாங்குதிறன் தீர்ந்துவிடும். நடுவரிசையைக் கழற்றுவதால் உரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு மூட்டைக்கு மேல் ஆதாயம் இல்லை. காலிப் பீப்பாய், நாற்றுப்பை போன்ற இலேசான, இடத்தை அடைக்கும் சரக்கென்றால் கதை வேறு. 600 கிலோ உரத்துக்கு ஆறாறு மூட்டையாக இரண்டு நடை போவதே முறை.

சிலர், கனமான வில்லைப் போட்டுவிட்டால் போதும் என்று சொல்வார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. பல பழைய ஜப்பானிய வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியை இணைத்திருப்பார்கள். பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்பதை அதனோடு சேர்ந்த வால்வு தீர்மானிக்கும். வில்லை மட்டும் மாற்றி வண்டியைத் தூக்கிவிட்டால், பாரம் நிறைந்திருக்கும் நேரத்திலும் வண்டி காலி என்றே அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். லாசா சாலையில் மழை நாளில் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவை பட்டைவில் வைத்து, சுமைக்கென்றே கட்டிய வண்டிகள்.

மூட்டைகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மூன்றாம் வரிசை இருந்த இடம் பின் அச்சுக்கு மேலும் பின்னுமாக இருக்கிறது. அங்கே கனத்தை ஏற்றினால் முன்பக்கம் இலேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் குறையும்; இரவில் எதிரே வருபவரின் கண்ணில் உங்கள் விளக்கு அடிக்கும். கனமானவை அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும்.

இனி கழற்றும் வேலைக்கு வருவோம். முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். உங்கள் பழைய வண்டிக்கு இது கட்டாயம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் புதிய வண்டிகளில் இருக்கைக்கு அடியில் காற்றுப்பைக்கும் எச்சரிக்கை விளக்குக்கும் கம்பிகள் ஓடும், ஆகவே பழகிக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் மூடிகளைத் தட்டையான முனையால் மெல்ல நெம்பினால் போல்ட் தெரியும். ஜப்பானிய வண்டிகளில் இருக்கையைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள், தலைக்கு 14 எண் சாக்கெட் வேண்டும், சிறியவற்றுக்கு 12, பாதுகாப்புப் பட்டையின் போல்ட்டுக்கு 17.

நேராகப் போய்ச் சாக்கெட்டை மாட்டித் திருகிவிடாதீர்கள். அந்தப் போல்ட்டுகளின் நுனி வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டு, இருபது முப்பது ஆண்டுச் சேற்றிலும் துருவிலும் ஊறியிருக்கும். முதல் நாள் மாலையே வண்டிக்கு அடியில் புகுந்து, கம்பித் தூரிகையால் நுனிகளைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிடுங்கள். இல்லையென்றால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த மரை நட்டின் வழியே கீழிருந்து மேலாக ஏறி வரும்போது நட்டையே கடித்துவிடும். தரைத்தகட்டோடு பற்றவைத்த நட்டு பெயர்ந்துவிட்டால் போல்ட் எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. அப்படி ஆனால் ஒருவர் அடியில் படுத்துப் பூட்டு இடுக்கியால் நட்டைப் பிடிக்க, இன்னொருவர் மேலிருந்து திருக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கழற்றிய போல்ட்டுகளை எந்தப் பக்கம், எந்த மூலை என்று எழுதி ஒட்டி ஒரு மைலோ டின்னில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். தொலைந்தால் இரும்புக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானிய வண்டியின் 10 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர், கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும், துரு என்று நினைத்து நீங்கள் பலம் கொடுத்தால் மரை முழுவதும் அழிந்துவிடும். பாதுகாப்புப் பட்டையின் போல்ட் இன்னும் தனி: அது அங்குலக் கணக்கில் 7/16, அங்குலத்துக்கு 20 மரை. உலகத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் அதே அளவுதான்.

காலியான ஓட்டைகள் ஒவ்வொன்றையும் ரப்பர் மூடியாலும் பசையாலும் அடைத்துவிடுங்கள். தண்ணீர் ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், புகைபோக்கியின் நச்சுப்புகை உள்ளே வருவதற்கு விரல் நுழையும் ஓட்டை ஒன்று போதும்.

டீசலைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு டன் வண்டியில் நாற்பது ஐம்பது கிலோ குறைவது இரண்டரை விழுக்காட்டைத் தாண்டாது. சக்கரத்தில் காற்றைச் சரியாக வைத்தால் அதைவிட மிஞ்சும்.

காப்புறுதிக்காரி:

பெரியவர் பட்டறைப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தாள்களின் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

வாகனப் பதிவு அட்டையில், அதாவது நாம் கெரான் என்று சொல்வதில், இருக்கை எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. ஏழு என்று பதிவான வாகனம் இரண்டு இருக்கையோடும் பலகை போட்ட தரையோடும் ஓடுவது, இருக்கையை மடித்து வைப்பதைப் போன்றது அன்று. வாகனத்தின் அமைப்பும் பயன்பாடும் மாறிவிட்டன என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் கட்டமைப்பையும் பயன்பாட்டையும் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் இதற்குப் பொருந்துபவை. ஆகவே கழற்றுவதற்கு முன் அருகிலுள்ள ஜே.பி.ஜே. கிளைக்குக் கெரானோடு போய், எதைக் கழற்றப் போகிறீர்கள், நிரந்தரமாகவா தற்காலிகமாகவா என்று சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் ஆகாது என்று சொன்னது சாலைத் தடுப்பில் செல்லாது.

காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9ஆவது அட்டவணை, தனிநபர் காப்புறுதி எடுப்பவரும் புதுப்பிப்பவரும் தவறான தகவல் தராமல் தக்க கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. மாற்றத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒரு குறிப்பெழுதி முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில்தான் அது பேச்சுக்கு வரும்.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தி: உங்கள் வண்டியில் வரும் பயணிகள் உங்கள்மேல் வழக்குத் தொடுத்தால் அதற்கான சட்டப் பொறுப்பு, வழக்கமான விரிவான காப்புறுதியில் தானாகவே அடங்கிவிடுவதில்லை, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய கூடுதல் பாதுகாப்பு அது. இருக்கையே இல்லாத இடத்தில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் எடுபடும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பின்னிருக்கைப் பயணிகளும் பாதுகாப்புப் பட்டை அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். "மைவி பட்டறையில் நிற்கும் நாள்களில் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது.

தாப்பா சாலை:

நான் எல்லாவற்றையும் கழற்றியவன். ஐந்தாண்டுகளுக்கு முன் என் லேண்ட் குரூசரில் பின்னிருக்கை ஒன்றுகூட இல்லாமல் எடுத்துவிட்டு, 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டு, அதன்மேல் ரப்பர் விரிப்பையும் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருக்கை இல்லையென்றால் இனி இது சரக்கு வண்டி, ஆள் யாரும் ஏற மாட்டார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

நம் ஊரில் இடம் இருக்கும் வண்டியைப் பார்த்தால் ஆள் ஏறிவிடுவார்கள். இருக்கை இருந்தவரை ஐந்து பேருக்கு மேல் ஏறத் தயங்கியவர்கள், பலகை போட்ட பிறகு எட்டுப் பேராகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிகள், கோயில் திருவிழாவுக்குப் போகும் அத்தைமார்கள், மழையில் நனைந்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் என்று எவரிடமும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே சிறுவயதில் தோட்டத்து டிராக்டரின் பின்பெட்டியில் நின்றுகொண்டு பள்ளிக்குப் போனவன்; அதனால் அது எனக்குத் தவறாகவும் படவில்லை.

ஒருநாள் மாலை, தோட்டப்பாதையின் வளைவில் மாடுகள் படுத்திருந்தன. வேகமாகக்கூடப் போகவில்லை, முப்பதுக்குள்தான் இருக்கும். பிரேக்கை அழுத்தியதும் பின்னால் கட்டாமல் கிடந்த புல் வெட்டும் இயந்திரம் ரப்பர் விரிப்பின்மேல் வழுக்கி வந்து, என் அக்காள் மகனின் கணுக்காலில் இடித்தது. எலும்பு முறியவில்லை, ஆறு தையலோடு போயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு பொருளுக்குள் இருக்கும் ஆற்றல், அதே பொருள் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். செம்பனைக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை: வயதான மரத்தின் உச்சியிலிருந்து 20 கிலோ குலை விழும் இடத்தில் நம்மில் எவரும் நிற்க மாட்டோம். ஆனால் அதே குலையைக் கட்டாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஐம்பதில் ஓட்டுகிறோம்.

சரக்கைக் கட்டுவதற்கு வெளிநாடுகளில் பின்பற்றும் ஓர் அளவு உண்டு. முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 80 விழுக்காடும், பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 50 விழுக்காடும் தாங்கும்படி கட்ட வேண்டும். ஆறு மூட்டை 300 கிலோ என்றால், முன்பக்கம் மட்டும் 240 கிலோ இழுப்பைத் தாங்கவேண்டும். துணி காயப்போடும் கயிறு அதற்கு ஆகாது. இறுக்கிப் பூட்டும் பட்டை வேண்டும், அதை மாட்டுவதற்கு இருக்கை போல்ட் இருந்த அதே வலுவான இடங்களில் கொக்கி வளையம் வேண்டும். பிளைவுட்டில் மரத்திருகாணி போட்டு மாட்டிய வளையம் பலகையோடு பெயர்ந்து வரும்.

பிறகு இருக்கைகளைத் திரும்பப் பொருத்தப் போனேன். அதுவரை அவை கார் நிறுத்தும் கொட்டகையில் பிளாஸ்டிக் பையால் மூடிக் கிடந்தன. திறந்து பார்த்தால் உள்ளே எலிக்குடும்பம், பஞ்செல்லாம் தூள். கழற்றிக் கொடுத்த பட்டறையில் போல்ட்டுகளைக் கேட்டதற்கு எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். அவர்கள் வேறு போல்ட்டைப் போட்டுத் திருகியதில் இரண்டு இடங்களில் மரை போயிற்று. பெரியவர் எழுதிய 1.25, 1.5 விவகாரத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

வெள்ளை ஜிம்னி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பின்னிருக்கை இல்லாத வண்டியை உற்பத்தியாளரே எப்படிச் செய்கிறார் என்பது இங்கே பயன்படலாம். ஐரோப்பாவில் புகை வெளியீட்டு விதி இறுகியபோது, சுசுகி தன் ஜிம்னியை அங்கே இரண்டு இருக்கை கொண்ட இலகு வணிக வாகனமாக 2021இல் விற்கத் தொடங்கியது. தரை தட்டையானது, சரக்கு இடம் 863 லிட்டர். நான்கு இருக்கை வண்டியில் பின்னிருக்கையை மடித்தால் கிடைப்பதைவிட அது 33 லிட்டர்தான் கூடுதல். ஆனால் முன்னிருக்கைகளுக்குப் பின்னால் ஒரு தடுப்பு வைத்தே விற்றார்கள். 33 லிட்டர் என்பது ஒரு மூட்டை உரம்கூட இல்லை. நானும் என் வண்டியில் கழற்றலாம் என்றிருந்தேன். அந்த எண்ணைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏழு ஏக்கர்:

எல்லோருக்கும் நன்றி. வாகனத் தகட்டைப் போய்ப் பார்த்தேன். பெரியவர் சொன்னதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒரே நடையில் 12 மூட்டை என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். நடுவரிசையில் கை வைப்பதில்லை, அது மகளுக்கு. மூன்றாம் வரிசை இரண்டும் எங்களுக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை, அவை இடிப்பதுதான் தொல்லை. ஆகவே அவற்றை மட்டும் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

இன்னொரு ஐயம். மூன்றாம் வரிசைக்கு அடியிலுள்ள கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது தகட்டில் வெள்ளை பூத்து, அதன் ஓரங்களில் துரு ஏறியிருந்தது. இது கடற்கரை வண்டியும் அன்று. உரத்தாலா?

பழைய பட்டறை:

உரத்தால்தான். செம்பனைக்கு நாம் அதிகம் வைக்கும் பொட்டாசியம் குளோரைடு உப்பு வகையைச் சேர்ந்தது. அம்மோனியம் சல்பேட்டும் உப்புதான், யூரியாவோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூட்டைத் தையலில் சிந்தும் தூள் கம்பளத்துக்கு அடியிலுள்ள பஞ்சுப்படுகையில் இறங்கி, நம் ஊர்ப் புழுக்கத்தில் என்றைக்கும் காயாமல் தகட்டைத் தின்னும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள்ளே ஒரு சிறிய கடற்கரையை வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கையை எடுத்த கையோடு பின்பகுதிக் கம்பளத்தையும் எடுத்துவிடுங்கள். வெள்ளையை முதலில் உலர்ந்த தூரிகையால் பெருக்கி அள்ளிவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். தரையிலுள்ள ரப்பர் அடைப்பான்களைத் திறந்துவிட்டால் தண்ணீர் கீழே வடிந்துவிடும். ஒரு நாள் முழுவதும் கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்திக் காயவைத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு அடிப்பூச்சும் மேற்பூச்சும் கொடுங்கள். பூச்சு காய்வதற்கு முன் அவசரப்பட்டுப் பலகையைப் போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். பலகைக்குப் பதிலாக விளிம்பு உயர்ந்த ஒரு பிளாஸ்டிக் தட்டைப் போட்டால், தூளைத் தட்டோடு வெளியே எடுத்து உதறலாம். என்னைக் கேட்டால் இதுதான் உங்களுக்கு ஏற்றது.

மருந்துத் தெளிப்பானையும் பெட்ரோல் கேனையும் மூட்டையோடு சேர்த்து உள்ளே வைக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, நல்லதுதான்; அதற்காக மிச்சமுள்ள களைக்கொல்லிகளை மகள் உட்காரும் காற்றில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. மூடியுள்ள பெட்டியில் போட்டுக் கூரைமேல் கட்டிவிடுங்கள்.

கழற்றிய இரண்டு இருக்கைகளையும் வீட்டுக்குள், தரையில் படாமல் வையுங்கள். பிளாஸ்டிக்கால் மூடாதீர்கள், பழைய பருத்திப் போர்வை போதும். தாப்பாக்காரரின் எலிக்கதை எனக்குப் புதிதன்று.

ஏழு ஏக்கர்:

சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். முதல் நாள் மாலையே அடியில் எண்ணெய் அடித்துவிட்டதால் வலப்பக்க இருக்கை இருபது நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. கம்பளத்துக்கு அடியிலிருந்து முக்கால் வாளி உரத்தூள் அள்ளினோம். மைத்துனர் அதை வீணாக்காமல் வாழை மரத்துக்குப் போட்டுவிட்டார். நடுவரிசையைப் புரட்டி ஆறு மூட்டைகளை அடுக்கிப் பார்த்ததில் இன்னும் பாதி இடம் காலியாகவே இருக்கிறது. காப்புறுதி முகவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், கெரானை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஜே.பி.ஜே. கிளைக்குப் போகிறேன். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்வரை வண்டி வாசலைவிட்டு நகராது. இருக்கையைத் திரும்பப் பொருத்தச் சொன்னால் பொருத்திவிடலாம் என்று போல்ட்டுகளை மைலோ டின்னில் எழுதி வைத்திருக்கிறேன்.

இடப்பக்கத்தில் பின்மூலைப் போல்ட் மட்டும் நீங்கள் சொன்னதுபோலவே சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு நேர் கீழே புகைபோக்கிக் குழாய் ஓடுவதால் பூட்டு இடுக்கியை நுழைக்க இடமில்லை. குழாயைத் தாங்கும் ரப்பரைக் கழற்றிச் சற்றுத் தாழ்த்தினால் கை போகும் என்று மைத்துனர் சொல்கிறார். பழைய பட்டறை ஐயா, அந்த ரப்பரை எடுத்தால் அது கிழியாமல் திரும்ப ஏறுமா, அல்லது புதிது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கட்டுமா?

பழைய பட்டறை:

அந்த வயது ரப்பர் கிழியத்தான் கிழியும். புதிது இரண்டு வாங்கி வையுங்கள். சவர்க்கார நீர் தடவி ஏற்றுங்கள், எண்ணெய் தடவ வேண்டாம். குழாய் ஆறிய பிறகு கை வையுங்கள்.